ஆகாயத்துக்கு உறுதி எழுதுவது எப்படி?

திருகோணமலையில் ஒரு வீட்டுக்கு விலை பேசப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "உறுதி இருக்கோ?" என்பதுதான். எத்தனை அறை, கிணற்றுத் தண்ணீர் நல்லதா, பக்கத்து வளவுக்காரர் எப்படிப்பட்டவர் என்பனவெல்லாம் அதன் பிறகே வரும். அதற்குத் தக்க காரணம் உண்டு. இந்த மாவட்டத்தில் காணியை விட்டு ஓடியவர்களும், ஓடிய இடத்திலிருந்து மறுபடி ஓடியவர்களும் ஏராளம். 2006 இல் சம்பூரிலிருந்து வெளியேறிய மக்கள் தங்கள் மண்ணை மறுபடி மிதிக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களின் கையில் இருந்த ஒரே பலம், பொலித்தீன் பையில் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்த அந்தத் தாள்தான்.

போர்க்காலத்தில் காணியை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்கு எதிராக, பத்தாண்டு ஆட்சியைக் காட்டி வேறொருவர் உரிமை கோருவதைத் தடுக்க, 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்கச் சட்டமொன்றையே நாடாளுமன்றம் இயற்ற வேண்டியிருந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அச்சட்டம் கருத்தில் கொண்டது. ஆகவே, உறுதி என்ற சொல் எங்களுக்கு வெறும் சட்டச் சொல் அல்ல.

ஆனால், அடுக்குமாடி வீடு என்று வந்துவிட்டால் "உறுதி இருக்கோ?" என்ற கேள்வி போதாது. "என்ன உறுதி?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றச் செய்திகளையும் வர்த்தமானி அறிவித்தல்களையும் படித்துப் பழகிய பத்திரிகைக்காரன், அவ்வளவுதான். சட்ட ஆலோசனை தேவைப்படுவோர் இதை வாசித்த பிறகு ஒரு சட்டத்தரணியிடம் போவதே முறை.

இந்த விடயம் என் தலையில் வந்து விழுந்தது எங்கள் வீட்டுக் காணியால். உட்துறைமுக வீதிக்குச் சற்று உள்ளே ஓர் ஒழுங்கையில் எங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற இருபத்தெட்டுப் பேர்ச்சஸ் காணியும் அதில் ஒரு பழைய ஓட்டு வீடும் உள்ளன. நாங்கள் ஐந்து பேர். மூத்த அக்கா அந்த வீட்டில் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை; கணவரை இழந்தவர்; பிள்ளைகள் இல்லை. அண்ணன் சிட்னியில். சின்னக்கா சென்னையில். தம்பி ரொறன்ரோவில். நான் ஊரிலும் கொழும்பிலுமாக. ஐவருக்கும் காணி பிரிக்கப்படாத ஐந்து சமபங்கு. அப்பா இறந்து இருபது ஆண்டுகளாகியும் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை.

கடந்த ஆண்டு ஒரு கட்டட நிர்மாணக்காரர் அக்காவைத் தேடி வந்தார். பழைய வீட்டை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி வீடுகள் கொண்ட கட்டடம் எழுப்பலாம். மேல் மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். அவற்றில் மூன்று வீடுகள் எங்களுக்கு, கூடவே ஒரு தொகைப் பணமும் என்றார். தம்பிக்குப் பணம் தேவையாக இருந்தது. அண்ணனுக்கு ஓய்வுக்காலத்தில் கடல் தெரியும் ஒரு வீடு வேண்டியிருந்தது. அக்காவுக்கு என்ன வேண்டும் என்று முதலில் எவரும் கேட்கவில்லை. நிர்மாணக்காரர் கொடுத்த உடன்படிக்கை வரைவை மட்டும் என்னிடம் அனுப்பி வைத்தார்கள். "நீ பேப்பர்காரன்தானே, வாசித்துச் சொல்லு" என்பது கட்டளை.

வரைவுக்குப் போகுமுன் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் நாட்டுக் காணிச் சட்டத்தின் வேர் உரோம-டச்சுச் சட்டம். அதன்படி நிலத்தில் எழுப்பப்படுவது நிலத்தைச் சேரும். நிலம் யாருடையதோ, அதன்மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது. இந்த விதி தனிவீட்டுக்குப் பொருந்தும். நான்காம் மாடியில் நிலத்தையே தொடாமல் நிற்கும் ஒரு வீட்டுக்கு எப்படி உரிமை கொடுப்பது? அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமானது, சுவர்களால் அடைக்கப்பட்ட ஒரு துண்டு ஆகாயமே. ஆகாயத்துக்கு உறுதி எழுத வேண்டுமென்றால், அதற்கெனத் தனிச் சட்டம் வேண்டும்.

உலகம் முழுவதும் அந்தத் தேவை ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் உணரப்பட்டது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961 இல் சட்டமியற்றியது. பாறைப் படிவங்கள் போல அடுக்கடுக்காக உள்ள உரிமை என்ற பொருளில் அதற்கு 'ஸ்ட்ராட்டா' என்று பெயர் வைத்தார்கள். சிட்னி அண்ணன் தொலைபேசியில் வாய்க்கு வாய் சொல்லும் சொல் அதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1966 இலும் சிங்கப்பூர் 1967 இலும் அந்த வழியைப் பின்பற்றின. இலங்கையில் 1970 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தை 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதன உரிமைச் சட்டம் பிடித்தது. 1982, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. இங்கே அரச தமிழில் அதற்குப் பெயர் 'கூட்டாதனம்'. கூட்டு ஆதனம் என்று பிரித்துப் படித்தால் பொருள் விளங்கும்.

கூட்டாதனத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது கடினமன்று. எங்கள் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் நான்கு எல்லைகளையும் சொன்ன பிறகு, கிணற்றில் இத்தனை பங்கும் அதற்குப் போய்வரும் வழிவாய்க்கால் உரிமையும் என்று ஒரு வரி இருக்கும். வளவு தனக்கு மட்டும். கிணறும் வழியும் பொது. கிணறு தூர்ந்தால் பங்காளர் எல்லோரும் சேர்ந்து இறைக்க வேண்டும். ஒருவர் தன் பங்குக் கிணற்றை மட்டும் விற்க முடியாது. வளவோடு சேர்ந்துதான் அது போகும். கூட்டாதனமும் இதுவேதான். வீட்டின் உட்புறம் தனி உரிமை. அத்திவாரம், தூண்கள், பிரதான சுவர்கள், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை, நிலம் ஆகியன பொது மூலகங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பொதுவில் ஒரு பங்குப் பெறுமதி உண்டு. அதைக் கொண்டே பராமரிப்புச் செலவில் ஒருவர் செலுத்த வேண்டிய அளவு கணக்கிடப்படுகிறது. அந்தப் பங்கை வீட்டிலிருந்து கழற்றி விற்க முடியாது.

இந்த ஏற்பாடு எப்போது உயிர் பெறுகிறது என்பதுதான் வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடம். கட்டடம் எழும்பியதால் மட்டும் கூட்டாதனம் பிறப்பதில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒவ்வொரு மாடியையும் ஒவ்வொரு வீட்டையும் அளந்து கூட்டாதன வரைபடம் தயாரிக்க வேண்டும். உரிய அதிகாரிகளின் அங்கீகாரமும், கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழும் பெற்று, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அந்தப் பதிவோடுதான் ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆதனமாகிறது. வீட்டுச் சொந்தக்காரர் அனைவரும் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் அதன்வழியே உருவாகிறது. கட்டடத்தைக் காப்புறுதி செய்வதும், பராமரிப்பு நிதி சேர்ப்பதும், பொது இடங்களைப் பேணுவதும் அதன் கடமை.

இனி, 'மாடி வீடு விற்பனைக்கு' என்ற ஒரே விளம்பரத்துக்குள் ஒளிந்திருக்கக்கூடிய உரிமை வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பதிவு செய்யப்பட்ட முழுமையான கூட்டாதனம். இதில் உறுதி, வரைபடத்திலுள்ள குறிப்பிட்ட இலக்க வீட்டுக்கே எழுதப்படும். வங்கியில் ஈடு வைக்கலாம்; விற்கலாம்; மரணசாசனம் எழுதலாம். தனிக்காணி உறுதிக்கு மிக நெருக்கமான பலம் இதற்கே உண்டு.

இரண்டாவது, முழுமை பெறாத கூட்டாதனம். 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு இடைநிலை வரைபடங்களுக்கு வழி செய்தது. ஒன்று, இனிமேல்தான் கட்டப்பட இருக்கும் கட்டடத்துக்கான தற்காலிக வரைபடம். மற்றது, ஒரு பகுதி கட்டி முடிந்த கட்டடத்துக்கான அரைக் கூட்டாதன வரைபடம். இரண்டும் சட்டபூர்வமானவை. ஆயினும் இறுதியானவை அல்ல. கட்டடம் நிறைவேறி இறுதி வரைபடம் பதியப்படும் நாள் வரை வாங்குபவர் ஓர் ஆபத்தைச் சுமக்கிறார். விலையில் அந்த ஆபத்துக்கு ஏற்ற குறைவு இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பிரிக்கப்படாத பங்கு. கூட்டாதன வரைபடமே கிடையாது. இருபத்தெட்டுப் பேர்ச்சஸ் காணியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு என்று ஓர் உறுதி. 'இரண்டாம் மாடியில் இடப்பக்க வீட்டை இவர் பாவிக்கலாம்' என்று தனியே ஓர் உடன்படிக்கை. பார்வைக்கு இதுவும் நொத்தாரிசு முத்திரை இட்ட உறுதிதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு வீட்டின் சொந்தக்காரர் அல்லர். முழுக் காணிக்கும் பன்னிரண்டு பங்காளிகளில் ஒருவர். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ், பங்காளிகளில் எவரும் பிரிவினை வழக்குப் போடலாம். பிரிவினை வழக்குகள் எத்தனை ஆண்டுகள் நீளும் என்பதை எங்கள் நீதிமன்ற வாசலில் நின்ற எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வங்கிகளும் இத்தகைய பங்கை ஈடாக ஏற்கத் தயங்கும்.

இங்கேதான் சென்னைச் சின்னக்காவின் குரல் குறுக்கிட்டது. "இங்க எல்லாரும் யூடிஎஸ்தானே வாங்கினம். எங்கட பிளாட்டும் அப்பிடித்தான். அதில என்ன பிழை?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. சென்னையில் காணியின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரமும், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தமும் எழுதுவது நெடுங்கால வழக்கம். தமிழ்நாட்டில் 1994 இல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், அதன் இடத்தில் 2022 இல் புதிய சட்டமும் வந்தன; இந்திய நாடாளுமன்றம் 2016 இல் இயற்றிய சட்டம் மனை வணிகத்துக்கென ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தையும் தந்தது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் வங்கிகளின் நடைமுறையும் பதிவுத்துறையின் பழக்கமும் நிற்கின்றன. கடல் தாண்டி இங்கே வந்ததும் 'பிரிபடாத பங்கு' என்ற அதே சொல், துணைக்கு எவருமின்றித் தனியே நிற்கிறது. சொல் ஒன்று என்பதால் சரக்கும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காவது, கம்பனிப் பங்கு. காணியும் கட்டடமும் ஒரு கம்பனியின் பெயரில் இருக்கும். வாங்குபவருக்குக் கிடைப்பது பங்குப் பத்திரமும் குடியிருக்கும் உரிமையும். ஸ்ட்ராட்டா சட்டம் வருமுன் சிட்னியில் மாடி வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறின. கம்பனி கடன்பட்டால் வீடும் சேர்ந்து ஆட்டம் காணும்.

ஐந்தாவது, குத்தகை நிலத்தில் எழுந்த கட்டடம். வீடு நம்முடையது; நிலம் இன்னொருவருடையது; காலம் எண்ணப்பட்டது. குத்தகை என்றாலே தீயது என்பதல்ல. சிங்கப்பூரில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில்தான் உள்ளன. எங்கள் சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச் சென்ற எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய 2022 சனவரி உடன்படிக்கைகூட 50 ஆண்டுக் குத்தகையே. அரசுகள் குத்தகையின் எஞ்சிய ஆண்டுகளை விரல் விட்டு எண்ணிக் கையொப்பமிடுகின்றன. வீடு வாங்கும் நாமும் எண்ண வேண்டும். முப்பது ஆண்டுக் குத்தகையில் பன்னிரண்டு கழிந்த பின் வாங்குபவர், பதினெட்டு ஆண்டுகளைத்தான் வாங்குகிறார்.

துறைமுகத்தைச் சூழ்ந்த எங்கள் பகுதியில் இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் உண்டு. நிலமே யாருடையது? 1984 இல் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெருமளவு நிலம் இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு உரியதென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தலைமுறையாகப் பயிர் செய்த இடங்களும் அதற்குள் அகப்பட்டன. முத்துநகர் விவசாயிகள் 2025 இல் நடத்திய போராட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேறு பல இடங்களில் மக்கள் கையில் இருப்பது அறுதி உறுதி அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்போதான். அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. அதன்மேல் எழும் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அடியிலுள்ள உரிமை எவ்வளவோ, மேலுள்ள உரிமையும் அவ்வளவே.

அத்துடன், திருகோணமலை நகரம் இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும் நகரம். 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவை. 'கடல் தெரியும் வீடு' என்ற விளம்பரத்தைக் கண்டால், அந்த அனுமதிக் கடிதத்தையும் காட்டும்படி கேட்பது நல்லது. 2004 மார்கழியில் கடல் எவ்வளவு தூரம் வந்தது என்பதை நேரில் கண்டவர்கள் நாங்கள்.

இப்போது வரைவுக்கு வருகிறேன்.

பதினொரு பக்கம். ஆங்கிலத்தில் நெருக்கமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதன் சாரம் இதுதான். நாங்கள் ஐவரும் மீளப்பெற முடியாத அற்றோர்னித் தத்துவம் ஒன்றை முதல் நாளே நிர்மாணக்காரருக்குக் கொடுக்க வேண்டும். கட்டி முடிந்த பிறகு எங்களுக்கு மூன்று வீடுகளைப் பாவிக்கும் உரிமையும், காணியில் பிரிக்கப்படாத பங்கும் கிடைக்கும். வாகனத் தரிப்பிடங்களை யாருக்கு எது என்று நிர்மாணக்காரரே பின்னர் ஒதுக்குவார். கட்டடப் பராமரிப்பு அவர் நியமிப்பவரிடம் இருக்கும். அதற்கு முடிவுத் திகதி குறிப்பிடப்படவில்லை. 'கூட்டாதனம்' என்ற சொல்லோ, அதற்கான ஆங்கிலச் சொல்லோ பதினொரு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

நான் இதை அக்காவுக்கு வாசித்து விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே பேசவில்லை. கடைசிப் பக்க அட்டவணையை மட்டும் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் கூட்டத் தொடங்கினார். பன்னிரண்டு வீடுகளுக்கும் உரிய பங்கு வீதங்கள் அதில் இருந்தன.

"தம்பி, இது தொண்ணூற்று நாலுதானே வருது. மிச்சம் ஆறு எங்க?"

நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்குதான். மிச்ச ஆறு வீதம் ஏழாம் பக்கத்தில் வேறொரு வாசகத்துக்குள் இருந்தது. மொட்டைமாடியும், அதன்மேல் பிற்காலத்தில் கட்டப்படக்கூடிய எதுவும் நிர்மாணக்காரருக்கே உரியன என்றது அந்த வாசகம். அதாவது, எங்கள் காணியில் எழும் கட்டடத்தின் தலைமேல் அவர் நாளைக்கு இன்னும் இரண்டு மாடி எழுப்பலாம். அத்திவாரம் தாங்குமா என்று கேட்கும் உரிமைகூட எங்களுக்கு இல்லை. சட்டம் படித்தவன் போல் நான் சொன்ன விளக்கம் எதையும்விட அந்த ஒரு கூட்டல் கணக்கு குடும்பத்துக்கு விடயத்தைத் தெளிவாக்கியது.

நிர்மாணக்காரரைச் சந்தித்து நேராகவே கேட்டேன். கூட்டாதன வரைபடம் பதிந்துதான் வீடுகளைக் கையளிப்பீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. சிரித்தபடியே சொன்னார்: "அது கொழும்பு வேலை ஐயா. இஞ்ச சனம் உறுதி இருந்தாக் காணும் எண்டுதான் கேக்கினம்."

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் வருத்தம். நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்கப் பழகியிருக்கிறோம் என்பதை அவர் அறிந்து வைத்திருக்கிறார்.

அன்றிரவு ஐவரும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேசினோம். சிட்னியில் விடிந்துகொண்டிருந்தது, ரொறன்ரோவில் தம்பி மதிய இடைவேளையில் இருந்தான். அவன் குரலில் எரிச்சல் தெரிந்தது. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அவன் அந்தப் பணத்தை எண்ணி வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவன் இப்போது கனடியப் பிரசை மட்டுமே. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பெற்றோர் வழி வந்த பங்கு அவனுக்கு வந்தது வந்ததுதான். ஆனால் நிர்மாணக்காரர் புதிதாக எழுதிக் கொடுக்கும் வீட்டை அதே போல் எண்ணிவிட முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு அத்தடை இல்லை. கூட்டாதன வீடுகளுக்கு நிபந்தனைகளோடு விதிவிலக்கு உண்டு. 2018 இல் திருத்தமும் வந்தது. அந்த விதிவிலக்கு கூட்டாதனத்துக்குத்தான். பிரிக்கப்படாத பங்குக்கு அல்ல. புலம்பெயர்ந்த உறவுகள் இந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சின் நடுவே அக்கா முதன்முறையாகத் தன் மனத்திலுள்ளதைச் சொன்னார். "எனக்கு மாடி வீடு வேண்டாம் எண்டில்லை. முழங்கால் ஏலாது, மின்தூக்கி வேணும். அது பழுதானா ஆர் திருத்துறது? பன்னிரண்டு வீட்டில எட்டு வீடு வெளிநாட்டுக்காரர் வாங்கிப் பூட்டி வைக்கப் போயினம். கூட்டம் வைச்சா ஆர் வருவினம்?"

தொலைபேசியில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டமும் முழுப் பதில் தராது. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தைச் சட்டம் உருவாக்கிக் கொடுக்கும். அதன் கூட்டத்துக்கு ஆட்களை அழைத்து வந்து உட்கார வைக்காது. கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிடலாம். கட்டாத பராமரிப்புப் பணத்தை அறவிட வழிகள் உண்டு. ஆனாலும் கட்டடம் ஒன்றைக் காப்பாற்றுவது அதில் உண்மையாகவே வாழ்கின்ற மனிதர்கள். கொழும்பில் அரசு கட்டிய பழைய தொடர்மாடிகளில் கூரை ஒழுகுவதையும் நீர்க்குழாய்கள் உடைந்து கிடப்பதையும் செய்தியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டின் உட்புறமும் துப்புரவாக இருக்கும். படிக்கட்டுத்தான் எவருடையதும் அல்லாததாகக் கிடக்கும். கிணற்றுப் பங்காளிகள் கூடி இறைத்த ஊரில் பிறந்தவர்களுக்குப் படிக்கட்டைக் கூடிப் பேணத் தெரியாது என்று நான் நம்பவில்லை. ஆனால் பங்காளி ஊரில் இருக்க வேண்டும் அல்லவா?

இறுதியில் நாங்கள் செய்தது இது. வரைவைத் திருப்பிக் கொடுத்தோம். கட்டடம் பற்றிய முடிவுக்கு முன், அக்காவின் இருப்பிடத்தை உறுதிப்படுத்துவது என்று தீர்மானித்தோம். நாங்கள் நால்வரும் எங்கள் பங்குகளின் மீது அக்காவுக்கு ஆயுட்கால உரித்து எழுதிக் கொடுத்தோம். வெளிநாட்டிலுள்ளோர் தங்கள் நாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களுக்குச் சென்று, அந்த ஓர் உறுதியில் கையொப்பமிடுவதற்கு மட்டுமான அற்றோர்னித் தத்துவம் அனுப்பினார்கள். ஒரு காரியத்துக்கு, ஒரு முறைக்கு. நிர்மாணக்காரர் கேட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தம்பியின் உடனடித் தேவைக்கு அண்ணனும் நானும் இயன்றதைக் கொடுத்தோம். அது கடனா கொடையா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை, குடும்பங்களில் அப்படித்தான்.

இன்னொரு நிர்மாணக்காரர் வந்தால் பேசமாட்டோம் என்பதல்ல. வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளை அக்கா தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அவர் அனுமதியோடு சற்று ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

நிலத்தின் உரிமை என்ன வகை: அறுதி உறுதியா, அளிப்பா, குத்தகையா? காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத தேடல் நடந்ததா? கட்டட அனுமதியும் கரையோர அனுமதியும் எங்கே? கூட்டாதன வரைபடம் பதியப்பட்டுவிட்டதா. இல்லையெனில் இப்போதிருப்பது தற்காலிகமா, அரையா, ஒன்றுமே இல்லையா? உறுதியில் வரப்போவது வீட்டின் இலக்கமா, காணியின் பங்கா? எல்லா வீடுகளின் பங்குப் பெறுமதியையும் கூட்டினால் முழுமை வருகிறதா? வாகனத் தரிப்பிடம் வரைபடத்தில் இந்த வீட்டோடு சேர்ந்திருக்கிறதா, வாய்ச்சொல்லில் மட்டுமா? மொட்டைமாடி யாருடையது? நிர்மாணக்காரர் காணியை வங்கியில் ஈடு வைத்திருக்கிறாரா. வைத்திருந்தால் எங்கள் வீட்டை ஈட்டிலிருந்து விடுவிக்கும் கடிதம் தருவாரா? முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் முதற் கூட்டம் எப்போது? பராமரிப்பு நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது?

கடைசியாக, அவர் அடிக்கோடிட்டு எழுதியிருந்த ஒரு கேள்வி: இந்தக் கட்டடத்தில் இரவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரியும்?

முதற் கேள்விகளுக்குப் பதில் காணிப் பதிவகத்திலும் நொத்தாரிசிடமும் கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு, வாங்க நினைக்கும் கட்டடத்தின் முன்னால் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் போய் நின்று எண்ணித்தான் பார்க்க வேண்டும்.